பிதிரார்ஜிதத் துப்பாக்கிக்கு மரம் தேடும் குடகு இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

குடகு நாட்டின் குலங்களாகிய ஒக்கங்களிலே பிறந்து, மூத்தோர் விட்டுச்சென்ற துப்பாக்கிகளுக்கு இன்று உடைமைக்காரராகியிருக்கும் இளைஞர்களே, யுவதிகளே,

உங்களில் பலருக்கு என் முகம் தெரியாது. ஆயினும் உங்கள் குலவீடுகளாகிய ஐன்மனைகளில் தூக்குவிளக்கின் அருகே சார்த்தி வைத்திருக்கும் துப்பாக்கிகளில் சிலவற்றின் கட்டையை நீங்கள் தடவிப் பார்க்கும்போதெல்லாம் என் உளியும் அரமும் பட்ட மரத்தைத்தான் தடவுகிறீர்கள். கோயம்புத்தூர்ச் சீமையில் தச்சுக் குடும்பமொன்றில் பிறந்து, பதினெட்டாம் வயதில் மலையேறி வந்து, உரிமம் பெற்ற ஒரு துப்பாக்கிக் கடையின் பின்கட்டில் நாற்பத்தொரு வருஷ காலம் மரவேலை ஒன்றையே பார்த்து, கண் மங்கியபின் சமவெளிக்கு இறங்கி வந்தவன் நான். உங்கள் தக்கு என் காதுக்கும் நாவுக்கும் நன்றாகப் பழகிய பாஷையேயானாலும் எழுத்தில் எனக்கு வாய்த்தது தமிழ் ஒன்றே. தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் உங்களில் இல்லாமற் போகவில்லை. அவர்கள் வாசித்து மற்றவர்களுக்குச் சொல்லுவார்கள் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

ஆண்டுதோறும் ஆவணி பிறந்து, ஆயுதங்களை வணங்கும் கைல்பொழ்துப் பண்டிகை நெருங்கும் சமயத்தில், தாத்தாவின் துப்பாக்கியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கடைக்கு வரும் பிள்ளைகளை நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். கட்டை கறுத்துப் போயிற்று, வெடித்துவிட்டது, அங்கங்கே பொறிந்துவிட்டது என்று சொல்லி, இதைக் கழற்றிவிட்டு அழகான மரத்தில் புதிதாக ஒன்று செய்து தாருங்கள் என்பார்கள். அழகை விரும்புவது தவறு என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அழகில்லாத கட்டையைச் செய்வதற்கு எனக்கும் மனம் வந்ததில்லை. ஆனால் துப்பாக்கிக் கட்டையில் அழகு எந்த இடத்தில் இருக்கலாம், எந்த இடத்தில் இருக்கலாகாது என்ற பேதத்தை அறியாமல் மரம் வாங்கினவர்கள் பட்ட துன்பத்தை நான் அருகிருந்து பார்த்திருக்கிறபடியால், உடம்பில் தெம்பு இருக்கும்போதே அதை எழுதி வைத்துவிட விரும்புகிறேன்.

உங்கள் நாட்டில் துப்பாக்கி என்பது இன்னதென்று நான் தெரிந்துகொண்டதே வந்து ஒரு வருஷம் கழிந்த பின்புதான். வேட்டைக்கும் காவலுக்கும் உள்ள கருவி என்று மட்டும் எண்ணிக்கொண்டு வந்தேன். ஆண் குழந்தை பிறந்ததும் ஆமணக்குக் குச்சியில் வில் செய்து அதன் பிஞ்சுக் கையில் தொடுவித்து, வாசலில் ஒரு வெடி தீர்ப்பதையும், வீட்டில் ஒருவர் இறந்தால் இரண்டு வெடி தீர்த்து ஊருக்குத் தெரிவிப்பதையும், புத்தரி என்னும் அறுவடைத் திருநாளின் இரவில் முதற்கதிரை அறுக்கும் கணத்தில் வயல்வெளி முழுதும் ஓசை எழுவதையும் கண்ட பிறகே, இது ஆயுதம் என்ற சொல்லுக்குள் அடங்காத ஒரு குடும்பப் பொருள் என்று விளங்கிற்று. நாற்று நடவு முடியும்வரை ஒதுக்கி வைத்திருந்த ஆயுதங்களைக் கைல்பொழ்தன்று எடுத்துத் துடைத்து, சந்தனமிட்டு, தோக்குப்பூ சூட்டி வணங்குகிறீர்கள். துப்பாக்கியின் பெயரையே தாங்கிய அந்தப் பூ வேறொன்றுமன்று, எங்கள் பக்கத்து வேலிகளில் படர்ந்து கிடக்கும் செங்காந்தளே என்று முதன்முதல் கண்டபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை இன்னும் மறக்கவில்லை.

1861ஆம் ஆண்டில் ஆங்கிலேய ஆணையர் மார்க் கப்பன் காலத்தில் உங்கள் முன்னோருக்குக் கிடைத்த ஆயுதச் சட்ட விலக்கு, சுதந்திர இந்தியாவின் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும் 1963இல் அறிவிக்கையாக நிலைபெற்று, இன்று 2029 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. நூற்றறுபது வருஷங்களுக்கு மேலாக ஒரு ஜனசமூகத்தின் மீது வைக்கப்பட்டுள்ள அந்த நம்பிக்கையை நீங்கள் எப்படிக் காத்து வருகிறீர்கள் என்பதை அறிந்தவன் நான். ஒன்றை மட்டும் இவ்விடத்தில் நினைவுபடுத்துகிறேன். துப்பாக்கியை வைத்திருப்பதற்கு விலக்கு உண்டென்றால் அதைப் பழுதுபார்ப்பதற்கும் யாரிடமும் கொடுக்கலாம் என்று அர்த்தமாகாது. பழுதுபார்ப்பவனுக்குத் தனி உரிமம் வேண்டும் என்று அதே சட்டம் சொல்லுகிறது. ஊரில் நாற்காலி, கட்டில் செய்யும் தச்சர் எவ்வளவு கைதேர்ந்தவராயினும் அவரிடம் கொண்டுபோகாதீர்கள்.

இனி, என் மனத்தை நெடுநாளாக உறுத்தும் ஒரு சம்பவத்தைச் சொல்லுகிறேன்.

பாகமண்டலத்துப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் வந்தார். பட்டணத்தில் நல்ல உத்தியோகம். கையில் பணமும் மனத்தில் தாத்தாவின் மீது மிகுந்த பக்தியும் இருந்தன. அவர் கொண்டுவந்தது தாத்தாவின் போல்ட் ரைபிள். குழலும் பொறியும் குறையின்றி இருந்தன. கட்டையோ, ஐம்பது வருஷத்துக் கைவியர்வையும் எண்ணெயும் ஊறிக் கறுத்து, பின்புறத் திருகாணியிலிருந்து ஓர் அங்குல நீளத்துக்கு மயிரிழை போல வெடித்திருந்தது. கன்னம் பதியும் மேல்விளிம்பில் மட்டும் தேய்ந்து தேய்ந்து, பழைய வெண்கலம் போலப் பளபளப்பேறியிருந்தது. புதுக் கட்டைக்கு வேண்டிய மரத்தை அவரே காஷ்மீரத்திலிருந்து தருவித்திருந்தார். வால்நட் மரம், அக்ரூட் என்று நம் கடைகளில் விற்கும் பருப்பைத் தரும் மரம். இரண்டு பெருங்கிளைகள் கவைத்துப் பிரிகிற இடத்தில் அறுத்த பலகை. தண்ணீரைத் தொட்டு அதன்மேல் தடவியதும் மயில் தோகையை விரித்தாற்போல ஒரு கோலம் பலகையின் நடுவிலிருந்து கிளம்பி இருபுறமும் ஓடிற்று. அத்தனை அழகான மரத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் தொட்டதில்லை.

தோகை விழுந்த இடம்தான் ஆபத்தாக இருந்தது. விசைக்குப் பின்னால் கை சுற்றிப் பிடிக்கிற ஒடுங்கிய பாகத்தை எங்கள் கடையில் கழுத்து என்போம். அந்தப் பலகையை எப்படித் திருப்பி வைத்து வரைந்தாலும் தோகையின் நடுத்தண்டு கழுத்தின் குறுக்காகவே வந்து விழுந்தது. இது தாங்காது என்று சொன்னேன். அவர் கேட்கவில்லை, அந்த அழகு கழுத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதே தம் மனோரதம் என்றார். நானும் மரத்தின் மோகத்தில் இணங்கிவிட்டேன். ஒன்பது வாரம் உழைத்தேன். கைல்பொழ்தன்று தேங்காய் சுடும் பந்தயத்துக்கு முன் திடலில் பழகிப் பார்க்கையில், ஐந்தாவது குண்டுக்குக் கழுத்து அறுந்து, பின்கட்டை அவர் தோளிலும் முன்கட்டை அவர் கையிலுமாக நின்றது. கன்னத்தில் ஆழமான சிராய்ப்போடு கண் தப்பியது தெய்வ சகாயம். மறுநாள் வந்து, பழைய கட்டையையே சரிசெய்து பூட்டித் தாருங்கள் என்று கேட்டார். அது எங்கே என்றேன். புதியது வந்த சந்தோஷத்தில் வேலைக்காரப் பையன் அதை வெந்நீர் அடுப்பில் வைத்து எரித்துவிட்டான் என்று சொல்லி, அந்த ஆஜானுபாகுவான பிள்ளை என் பட்டறைப் பலகையின் மீது தலை கவிழ்ந்து அழுதார்.

அன்று நான் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியதை, அன்று உறுதியாகச் சொல்லாத குறைக்குப் பரிகாரமாக, உங்கள் எல்லோருக்கும் இப்போது சொல்லுகிறேன்.

மரத்தில் நாங்கள் வரி என்று சொல்லுவது ஒன்று, நார் என்று சொல்லுவது வேறொன்று. வரி என்பது கண்ணுக்குத் தோன்றும் கோலம்: மண்ணில் ஊறிய தாதுக்களினாலும், ஆண்டு வளையங்களின் நிறபேதத்தினாலும், முண்டும் கணுவும் கவையும் நாரைத் திருகி வளைப்பதனாலும் உண்டாவது. நார் என்பது வேரிலிருந்து நீரை மேலே ஏற்றிய குழாய்களும் அவற்றைச் சூழ்ந்த இழைகளும் ஓடுகிற திசை. மரத்தின் பலம் முழுவதும் அந்தத் திசையில் உண்டு, அதற்குக் குறுக்கே மிகச் சொற்பம். விறகு பிளப்பவனுக்கு இது தெரியும். கோடரியை எங்கே வைத்தால் கட்டை ஒரே அடியில் இரண்டாகும் என்று அவன் பார்க்கிறானே, அதே பார்வையைத் துப்பாக்கிக்கு மரம் வாங்குகிறவன் மறுதலையாகப் பார்க்க வேண்டும். குண்டு வெளிப்படும்போது பின்னோக்கி உதைக்கிற சக்தி பொறியின் அடியிலுள்ள இரும்புப் பல்லின் வழியாக மரத்தில் இறங்கி, கழுத்தின் ஊடாகப் பாய்ந்து, தோளில் வந்து முடிகிறது. கட்டை முழுவதிலும் மிக ஒல்லியான இடம் கழுத்து. உள்ளே திருகாணிக்கும் விசைக்குமாகக் குடைந்து மேலும் மெலிந்த இடமும் அதுவே. ஆகையால் அங்கே நார், கழுத்தின் வளைவோடு வளைந்து, பின்கட்டையிலிருந்து பொறியின் அடிவரைக்கும் அறுபடாமல் ஓட வேண்டும். அந்த இடம் வெறுமையாக, சாதாரணமாக, கண்ணைக் கவராததாக இருந்தால் அதற்காக நீங்கள் வருந்த வேண்டியதில்லை.

கழுத்தைக் கடந்து தோள் பக்கமாக விரிகிற பின்கட்டை இருக்கிறதே, அதுவே அழகுக்கு உரிய மைதானம். அங்கே மயில்தோகை விரியலாம், சலவைக்கல்லின் புகைவரி ஓடலாம், வயலினின் பின்புறத்தில் காணும் நெளிவரி அலையலாம். எதுவும் பலத்தைக் கெடுக்காது. பழைய ஆங்கிலத் துப்பாக்கிகளின் கட்டைகளை உங்கள் வீட்டிலேயே எடுத்துப் பாருங்கள். வரியெல்லாம் அடிப்பாகத்தில் திரண்டு, கழுத்தை நெருங்க நெருங்க அடங்கி, நேர்நாராய்ப் போய்ப் பொறியின் கீழ் மறையும். நல்ல மரத்தைத் தேர்ந்தவன் பலகையின் எந்த மூலையில் எந்த உறுப்பு விழ வேண்டும் என்று அச்சுத்தகட்டை வைத்து மணிக்கணக்காகத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறான் என்பதற்கு அதுவே சாட்சி.

முன்கட்டையின் விஷயம் வேறு. குழலின் கீழே அது நேராக நிற்க வேண்டும். மழையில் ஊறியும் வெயிலில் உலர்ந்தும் முறுக்கிக்கொண்டால் குழலை ஒரு பக்கமாகத் தள்ளி, குறி பார்த்த இடத்தை மாற்றிவிடும். மடிக்கேரியில் வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிற மழையில், ஆனிமுதல் ஆவணிவரை சுவரே வியர்க்கிற வீடுகளில், இது சிறிய விஷயமல்ல. மரம் வளையத்தின் வாக்கில் சுருங்குவதும் பெருப்பதும் ஆரத்தின் வாக்கில் ஆவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது மரவேலைக்காரர் எல்லோரும் அறிந்த உண்மை. ஆகவே பலகையின் குறுக்குமுனையைப் பார்த்து, வளையக் கோடுகள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்று அறிந்து, இருபுறமும் சமமாக அசையும் பலகையாகத் தேர வேண்டும். இரட்டைக்குழல் துப்பாக்கியிலும் லீ என்ஃபீல்டு ரைபிள் வகையிலும் பின்கட்டை வேறு, முன்கட்டை வேறு. ஒரே பலகையிலிருந்து இரண்டையும் அறுத்துக்கொள்ளலாம். ஒரே துண்டில் அமைந்த ரைபிளுக்கோ, அழகும் பலமும் நேர்மையும் ஒரே பலகையில் தத்தம் இடத்தில் சேர்ந்து விழ வேண்டியிருப்பதால், நல்ல பலகை அபூர்வம், விலையும் அதற்கேற்றது.

இனி எந்த மரம் என்ற கேள்வி. உங்களில் பலர், நம் தோட்டத்திலேயே விழுந்த ஈட்டி மரம் இருக்கிறதே, கொட்டகையில் நாற்பது வருஷமாகக் கிடக்கிறதே, அதில் செய்தாலென்ன என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஆசை எனக்குப் புரிகிறது. சொந்த மண்ணில் வளர்ந்த மரம், கறுப்பும் ஊதாவுமாக ஓடுகிற வரி, இழைத்தால் கண்ணாடி. ஆனாலும் முழுக்கட்டைக்கு நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். வால்நட் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 640 கிலோ என்றால் ஈட்டி 800க்கு மேல். கட்டை கனத்தால் துப்பாக்கியின் சமநிலை பின்னுக்குச் சாய்ந்து, தோளில் ஏற்றும் கைக்கு அதன் பழைய ஜீவன் தெரியாமற் போகும். ஈட்டியின் உள்ளெண்ணெய் பசையைப் பிடிக்க விடாது. ஆளிவிதை எண்ணெயையும் உலர விடாது. இழைக்கும் தூள் பலருக்குத் தோலையும் மூச்சையும் வருத்தும். கொட்டகையில் கிடப்பதே ஆனாலும் அதற்குரிய வனத்துறைக் காகிதங்கள் உங்களிடம் இருக்க வேண்டும். 2017 முதல் தேச எல்லை கடக்கும் ஈட்டி மரப் பொருள்களுக்குச் சர்வதேசக் கட்டுப்பாடும் உண்டு. முன்கட்டையின் நுனியிலும் கைப்பிடியின் அடியிலும் ஒரு சிறு துண்டாகப் பதித்துக்கொள்ளுங்கள். உங்கள் மண்ணின் அடையாளமாக அது போதும். தேக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: வீட்டுக்கும் கப்பலுக்கும் அதனினும் சிறந்த மரம் இல்லை, ஆனால் திடீர் அதிர்ச்சியைத் தாங்கும் குணம் அதற்குக் குறைவு.

உலகெங்கும் துப்பாக்கிக் கட்டைக்கு வால்நட்டைத் தேடுவதற்குக் காரணம் அதன் நிறம் மட்டுமன்று. கனத்துக்கு மிஞ்சிய பலம். உதையை வாங்கி அடக்கும் இயல்பு. உளி எந்தப் பக்கம் போனாலும் பிசிறின்றி வெட்டுப்படும் நயம். ஒருமுறை நன்றாக உலர்ந்துவிட்டால் பிறகு அதிகம் அசையாத பொறுமை. இவையெல்லாம் ஒரே மரத்தில் கூடியிருப்பது துர்லபம். முதல் உலக யுத்தத்தில் அமெரிக்காவில் ஊர் ஊராகக் கறுப்பு வால்நட் மரங்களைத் தேடினார்கள். இரண்டாம் யுத்தத்தில் ஜெர்மானியர் பீச் மரத்தின் மெல்லிய தகடுகளை அடுக்கி ஒட்டிக் கட்டை செய்தார்கள். நம் இச்சாப்பூர்த் துப்பாக்கித் தொழிற்சாலையிலோ, லீ என்ஃபீல்டின் முன்கட்டை பிளவாதிருக்கப் பொறிக்கு அருகே குறுக்காக ஒரு திருகாணி போட்டார்கள். பழைய இச்சாப்பூர் ரைபிள் உங்கள் கைக்கு எட்டினால் அந்தத் திருகாணியின் தலையைத் தேடிப் பாருங்கள், மரத்தின் பலவீனத்தை அறிந்தவன் வைத்த முத்திரை அது.

நமக்கு வால்நட் காஷ்மீரத்திலிருந்து வருகிறது. அங்கே அது பருப்புக்காகப் போற்றி வளர்க்கும் மரம். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதியின்றி வெட்ட முடியாது. ஸ்ரீநகரின் ரைனாவாரியில் துப்பாக்கி செய்யும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தெரு ஒன்று அந்தத் தொழிலின் பெயராலேயே வழங்குகிறது. அவ்வூர்ச் சிற்பவேலைக்காரர்கள் மரத்தை மூன்றாகப் பிரிப்பார்கள்: வேர்ப்பாகம் மிகக் கறுப்பு, விலையும் அதிகம், நடுமரம் அதற்கு அடுத்தது, கிளை வெளிறியது. வேரும் அடிமரமும் சேர்கிற இடத்தில் வரி திரளும். அதற்கு மேலே நேர்நார் தொடங்கும். ஆகையால் அடிமரத்தில், வேர்ப்பக்கம் பின்கட்டையாகவும் மேல்பக்கம் கழுத்தாகவும் விழும்படி அறுத்த பலகையே சிலாக்கியமானது. கிழட்டு மரமாக, மெதுவாக வளர்ந்ததாக, உள்வைரம் நன்றாகப் பாய்ந்ததாக இருக்க வேண்டும். ஓரத்தில் வெண்மையாகத் தெரிகிற வெளிறு கட்டைக்குள் எங்கும் வரலாகாது.

விற்பவன் பலகையை எண்ணெய் பூசிப் பளபளக்கக் காட்டுவான். அதைப் பார்த்து மயங்காதீர்கள். ஒரு முகத்தை இழைத்துத் தரச் சொல்லுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் எதிர்காலத்தில் எண்ணெய் ஏறிய பின் எப்படியிருக்குமோ அந்த நிறம் இரண்டு நிமிஷம் தெரியும். பிறகு பலகையைப் பக்கவாட்டில் திருப்பி விளிம்பைப் பாருங்கள். முகத்தில் நேராகத் தெரியும் நார் விளிம்பில் சரிந்து வெளியேறுவது உண்டு. அதற்கும் ஐயம் தீரவில்லையென்றால், வீணாகப் போகும் மூலையில் உளியை வைத்து ஒரு சிம்பைப் பிளந்து எடுக்கச் சொல்லுங்கள். சிம்பு எந்தத் திசையில் உரிந்து போகிறதோ அதுவே நாரின் மெய்யான திசை, கண் சொல்லுகிற திசை அன்று. ஒரு முனையைத் தளர்வாகப் பிடித்துத் தொங்கவிட்டு விரல்முட்டியால் தட்டினால் நல்ல பலகை கணீரென்று பேசும். உள்வெடிப்பு இருந்தால் சட்டிபோல மொத்தென்று ஒலிக்கும்.

உலர்த்துவதில் அவசரம் கூடவே கூடாது. நிழலில், காற்றோட்டத்தில், முனைகளுக்கு மெழுகு பூசி அடுக்கி வைத்து, ஓர் அங்குல கனத்துக்கு ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. கட்டைப் பலகை 2½ அங்குலம் என்றால் இரண்டரை வருஷத்துக்குக் குறையாமல். பலகையில் தேதியைப் பென்சிலால் எழுதி, வாரத்துக்கு ஒரு தரம் தராசில் நிறுத்து, எடை குறைவது நின்றுபோன பின்னும் ஒரு மழைக்காலம் வீட்டிலேயே வைத்திருங்கள். கைல்பொழ்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது மரம் வாங்கி அதே பண்டிகைக்குக் கட்டை வேண்டும் என்பவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்; அவர்கள் என்னைக் கோபித்துக்கொண்டதும் உண்டு.

முடிந்த கட்டைக்கு மெருகு எது என்பதில் எனக்குத் திடமான அபிப்பிராயம் உண்டு. தச்சுக்கடை வார்னிஷைப் பூசிக் கண்ணாடிபோல மின்னச் செய்வது மரத்தின் முகத்தில் ஒரு திரையைப் போடுவதாகும். ஒரு கீறல் விழுந்தால் அதைச் சரிசெய்ய முழுவதையும் சுரண்ட வேண்டும். ஆளிவிதை எண்ணெயே தகுந்தது. மரத்தை ஈரத்துணியால் துடைத்து எழும்புகிற பூனைமயிரை உலரவிட்டுத் தேய்த்து, மறுபடி நனைத்து, மறுபடி தேய்த்து, நான்கைந்து தரம் இப்படிச் செய்த பின், உள்ளங்கையில் சில சொட்டு எண்ணெய் விட்டுச் சூடு பறக்கத் தேய்த்து, ஒவ்வொரு பூச்சும் உலர்ந்த பின்னரே அடுத்ததை ஏற்ற வேண்டும். ஆங்கிலேயத் துப்பாக்கிக்காரர்கள் அந்த எண்ணெயில் அல்கானெட் வேரை ஊறவைத்துச் செம்மை ஏற்றினார்கள். காஷ்மீரத்தார் கறிக்குச் சிவப்பு நிறம் கொடுக்க இடுகிற ரதன்ஜோத் அந்த இனத்து வேர்தான். முப்பது நாள் பிடிக்கும் வேலை. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்துவிடாதீர்கள். அந்த எண்ணெய் உலரும் சூட்டிலேயே தானாகத் தீப்பிடிக்கும். விரித்து வெயிலில் காயவிட்ட பின்னரே கழியுங்கள்.

இவ்வளவும் புதிய மரம் தேவைப்படுகிறவர்களுக்கு. ஆனால் என்னிடம் வந்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் புதிய மரமே தேவைப்படவில்லை. மேலே சொன்ன இளைஞரின் தாத்தா கட்டைக்கு வந்திருந்தது ஓர் அங்குல வெடிப்பு. பசையும் உள்ளே மறைந்து நிற்கும் ஒரு பித்தளை ஆணியும் அதை இன்னும் ஐம்பது வருஷம் காத்திருக்கும். கறுப்பெல்லாம் எண்ணெய். துப்பாக்கியைக் குழல் மேல்நோக்க நிறுத்தி வைத்தால், பொறிக்கு விட்ட எண்ணெய் வருஷக்கணக்கில் கழுத்துக்குள் வடிந்து மரத்தை மெத்தென்று ஆக்கிவிடும். சீமைச்சுண்ணப் பொடியைக் குழைத்துப் பூசி மிதமான சூடு காட்டினால் அந்த எண்ணெயைப் பொடி குடித்து வெளியே கொண்டுவரும். குழிந்த இடத்தின் மேல் ஈரத்துணியை வைத்துக் காய்ந்த இஸ்திரிப் பெட்டியால் ஒற்றினால் நசுங்கிய நார் ஆவியில் பெருத்து எழும்பும். நார் அறுந்த வடு மட்டும் எழாது. அப்படி எழாத வடுக்கள் சிலவற்றை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட பெரியவர்கள் இருந்தார்கள். ஓர் அம்மையார் பின்கட்டையிலிருந்த பற்குறிபோன்ற ஒரு தழும்பைக் காட்டி, என் தகப்பனார் ஜீப்பிலிருந்து விழுந்த அன்று உண்டானது இது, இதைத் தொடாமல் மற்றதைச் செய்யுங்கள் என்று சொன்னார்கள். அப்படியே செய்து கொடுத்தேன்.

கட்டை உண்மையிலேயே மக்கிப்போயிருந்தால், அல்லது பூச்சி தின்றிருந்தால், அல்லது வளர்ந்த பேரப்பிள்ளையின் கைக்கு அளவு போதாமல் இருந்தால், புதியது செய்யத்தான் வேண்டும். அப்போதும் பழையதுதான் அளவுகோல். விசையிலிருந்து தோள்முனைவரை எத்தனை அங்குலம், மேல்விளிம்பு குழலின் மட்டத்திலிருந்து எவ்வளவு தாழ்கிறது, எந்தப் பக்கம் எவ்வளவு விலகுகிறது என்பதெல்லாம் உங்கள் தாத்தாவின் கழுத்துக்கும் தோளுக்கும் கன்னத்துக்கும் பொருந்தச் செதுக்கியவை. உங்கள் உடற்கட்டும் பெரும்பாலும் அவருடையதே. அந்த அளவுகளை வேறு எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்க முடியாது.

ஆகவே உங்களை நான் மன்றாடிக் கேட்டுக்கொள்வது இது. புதுக் கட்டைக்கு மரம் பார்க்கப் புறப்படும் நாளில் பழைய கட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வேலை முடிந்த அன்று, கடைக்காரர் கொடுக்க மறந்தாலும் நீங்கள் மறவாமல் கேட்டு வாங்கி, வெள்ளைத் துணியில் சுற்றி, துப்பாக்கி இருக்கும் அலமாரியிலேயே அதற்கும் ஓர் இடம் கொடுங்கள். வருகிற கைல்பொழ்தில் தோக்குப்பூ சூட்டும்போது அதற்கும் ஒரு பூ வையுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் மலையில் மரவேலை செய்து வாழ்ந்த ஒரு தச்சன்